காப்பீட்டு அட்டையை ஏற்கும் இயன்முறை மருத்துவர் எங்கே? ஏற்காட்டு வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: எங்கள் ஊர் ஏற்காடு ஒன்றியத்தில் நாகலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு வயது 61. ஏழு வாரங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து, சேலம் அரசு மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றினோம். வலது கையும் வலது காலும் இன்னும் சரியாக வரவில்லை. ஆள் பிடித்துக்கொண்டால் சில அடிகள் நடக்கிறார். வீட்டுக்கு அனுப்பும்போது பிசியோதெரபியைத் தொடர்ந்து செய்யுமாறு எழுதிக் கொடுத்தார்கள். எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆனால் சேலத்தில் விசாரித்த இரண்டு தனியார் மையங்களும் அட்டை இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டன. அட்டையை ஏற்கும் பிசியோதெரபிஸ்ட் சேலத்திலோ ஏற்காட்டிலோ யார்? தம்பி சேலத்தில் ஒரு நூற்பாலையில் வேலை செய்கிறான்; சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அது ஏதாவது உதவுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

அந்த இரண்டு மையங்களும் உங்களுக்குச் சரியான தகவலையே சொல்லியிருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்காக வகுக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று சொல்லப்படும் தொகை, திட்டத்தில் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில், பட்டியலிடப்பட்ட அறுவை சிகிச்சைகளுக்கும் மருத்துவச் சிகிச்சைகளுக்கும் மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்தப்படுவது. படுக்கையில் இருக்கும் நாள்களில் தரப்படும் இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கிவிடும். வீட்டுக்கு வந்த பிறகு வாரம் சில நாள்கள் ஒரு மையத்துக்குப் போய்ச் செய்துகொள்ளும் பயிற்சிக்கு அந்த அட்டையில் இடம் இல்லை. தனியாக நடத்தப்படும் இயன்முறை மையங்கள் மருத்துவமனைகள் அல்ல என்பதால் அவை இத்திட்டத்தின் பட்டியலில் வருவதும் இல்லை. ஆகவே சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து அம்மாப்பேட்டை வரை எத்தனை மையங்களின் படியேறிக் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும். தேடுவதை இன்றோடு நிறுத்திவிடலாம்.

மூட்டு மாற்று அறுவைக்கும் மூளை அறுவைக்கும் பெருந்தொகை செலவிடும் ஒரு திட்டம், அந்த அறுவையின் பயன் நோயாளியின் கைகால்களில் வந்து சேரும் மாதங்களைக் கணக்கில் கொள்ளாமல் விட்டிருப்பது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அந்தக் குறையைக் குறுக்கு வழியில் நிரப்பிக்கொள்ள முயல வேண்டாம். பயிற்சிக்காக மட்டும் அம்மாவைச் சில நாள்கள் படுக்கையில் சேர்த்து அட்டையில் கணக்குக் காட்டிக்கொள்ளலாம் என்று எவராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவையில்லாத ஒருவரைச் சேர்த்ததாகக் காட்டுவது முறைகேடு. அதோடு, நாளை உண்மையிலேயே பெரிய சிகிச்சை தேவைப்படும்போது அந்த ஆண்டுக்கான தொகையில் ஒரு பகுதி கரைந்துபோயிருக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? உங்கள் தாயாருக்கு வேண்டிய சிகிச்சை அரசுத் துறையில் அட்டையே இல்லாமல் கிடைக்கிறது. அட்டை செல்லாது என்ற பதிலைக் கேட்டதும் இலவசச் சிகிச்சையே இல்லை என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடும் குடும்பங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பக்கவாதத்தில் இந்தத் தயக்கம் விலைமிக்கது. இழந்த இயக்கம் விரைவாகத் திரும்புவது முதல் மூன்று மாதங்களில்தான். ஆறு மாதங்களுக்குப் பிறகு முன்னேற்றம் நின்றுவிடாது என்றாலும் அதன் வேகம் தெளிவாகக் குறைந்துவிடும். உங்கள் தாயாருக்கு ஏழு வாரங்கள் கடந்துவிட்டன. அடுத்த சில வாரங்களை விசாரணையில் செலவிடாமல் பயிற்சியில் செலவிட வேண்டும்.

முதல் வழி, அவர் சிகிச்சை பெற்ற அதே இடம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வெளிநோயாளிகளுக்கு இயன்முறை சிகிச்சை இலவசமாக அளிக்கப்படுகிறது. வெளிநோயாளர் சீட்டு வாங்கும் இடத்தில் கூட்டம் கூடுமுன் காலையிலேயே சென்றுவிடுங்கள். வீட்டுக்கு அனுப்பியபோது தந்த சுருக்க அறிக்கை, தலைக்கு எடுத்த ஸ்கேன் அறிக்கை, இப்போது உண்ணும் மாத்திரைகளின் பெயர் எழுதிய சீட்டு ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். முதலில் பொது மருத்துவப் பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ மருத்துவர் ஒருவர் பார்த்து இயன்முறை சிகிச்சைக்கு எழுதித் தருவார். அந்தச் சீட்டோடு அந்தப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். பேச்சும் குழறுகிறது என்றால் அதையும் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். வலப்பக்கம் செயலிழந்தவர்களுக்குப் பேச்சும் பாதிக்கப்படுவது பொதுவானது. அதற்கான பயிற்சி தனி.

இதில் உங்களுக்கு இருக்கும் இடையூறு மலைப்பாதைதான் என்பது எனக்குத் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் இறங்கி, மீண்டும் ஏறி, ஒருபக்கம் வலுவிழந்த ஒருவரை வாரத்துக்கு மூன்று முறை அழைத்து வருவது நடக்கக் கூடிய காரியம் அல்ல. அப்படி வந்து சேர்பவர் களைப்பில் பயிற்சி செய்யும் நிலையிலும் இருக்க மாட்டார். எனவே நான் சொல்லும் யோசனை இது. தம்பி சேலத்தில் குடியிருக்கிறார் என்றால், மூன்று நான்கு வாரங்களுக்கு அம்மாவை அவர் வீட்டில் தங்க வைத்து, அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த வாரங்களில் நீங்களோ தம்பி மனைவியோ ஒருவர் தவறாமல் உடன் சென்று, அங்கே கற்றுத் தரும் ஒவ்வொரு பயிற்சியையும் உங்கள் கையால் செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டு அம்மா பயிற்சி செய்வதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் மலைக்குத் திரும்பிய பிறகும் உதவும். தம்பி தங்கியிருப்பது ஆலை விடுதியில் என்றால் இந்த யோசனையை விட்டுவிட்டு, அடுத்து நான் சொல்வதில் கவனம் செலுத்துங்கள்.

இரண்டாவது வழி உங்கள் வீட்டு வாசலுக்கே வருவது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை, இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டில் கொண்டுவந்து தருவது என்ற அளவிலேயே பலரும் அறிந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய் ஆதரவுப் பராமரிப்பு அளிப்பதும் அதன் பகுதிகளே. இதற்கென்று வட்டார அளவில் இயன்முறை மருத்துவரும் செவிலியரும் பணியமர்த்தப்பட்டிருக்கிறார்கள். வருமானச் சான்றோ காப்பீட்டு அட்டையோ இதற்குத் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

அம்மாவின் பெயர் அந்தப் பட்டியலில் சேர வேண்டும், அவ்வளவுதான். உங்கள் ஊருக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரையோ கிராம சுகாதார செவிலியரையோ சந்தித்து, பக்கவாத நோயாளி வீட்டில் இருக்கிறார், வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை வேண்டும் என்று சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவர்களை நேரில் பார்க்க முடியாவிட்டால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலரிடமே கேட்கலாம். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல், அம்மாவின் பெயர், வயது, நோய் தொடங்கிய நாள், வீட்டுக்கு வரும் வழி, தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதன் நகல் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மலைக் கிராமங்களில் வழி தெரியாமல் திரும்பிப் போனதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுவது உண்டு. பதிவு செய்தும் யாரும் வரவில்லை என்றால் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம். முதலமைச்சரின் உதவி மைய எண் 1100. அதற்கும் பயனில்லை என்றால் திங்கள்கிழமை சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதே நகலோடு மனு கொடுங்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை, மாரமங்கலம் என்று சேர்வராயன் மலையெங்கும் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு வட்டாரத்தின் இயன்முறை மருத்துவர் சுற்றிவர வேண்டும் என்பதால், அவர் உங்கள் வீட்டுக்கு நாள்தோறும் வர இயலாது. சில நாள்களுக்கோ சில வாரங்களுக்கோ ஒருமுறை என்றுதான் அமையும். பல குடும்பங்கள் இதைக் கண்டு மனம் சலித்துவிடுகின்றன. இயன்முறை மருத்துவம் என்ற என் தொழிலில் இருப்பவர்கள் வெளியே அதிகம் சொல்லாத உண்மை ஒன்று உண்டு: பக்கவாதத்தில் மீட்சி தருவது நாங்கள் தொடும் அந்த அரை மணி நேரத்தைவிட, மீதியுள்ள நாளில் நோயாளி தன் கைகாலைப் பயன்படுத்தித் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைதான். எப்போதோ ஒருமுறை வருபவர் சரியான பயிற்சியைத் தேர்ந்து, சரியாகக் கற்றுக்கொடுத்து, அடுத்த முறை வரும்போது சோதித்து மாற்றித் தந்தால் அது நல்ல சிகிச்சையே. ஆகவே வருபவரிடம் மூன்று செய்திகளைக் கேட்டுப் பெறுங்கள். இப்போது எந்த இலக்குக்காகப் பயிற்சி, அதை நாளைக்கு எத்தனை முறை செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது.

அவர் வரும் வரை நீங்கள் கவனிக்க வேண்டியவற்றில் முதன்மையானது வலது தோள். தசைகள் வலுவிழந்திருக்கும்போது தோள்மூட்டைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. எழுப்பி உட்கார வைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுத்தாலோ அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலோ மூட்டு நழுவி, பிறகு மாதக்கணக்கில் வலி பயிற்சியையே தடுத்துவிடும். இடுப்பைச் சுற்றிப் பிடித்தோ, இடுப்பில் கட்டிய அகலமான துணியைப் பிடித்தோ எழுப்புங்கள். உட்கார்ந்திருக்கும்போது கை தொங்காமல் மடியிலோ பலகையிலோ தலையணை வைத்துத் தாங்கி வையுங்கள். உறவினர்கள் வாங்கி வரும் மெத்தென்ற பந்தைக் கையில் கொடுத்துப் பிசையச் சொல்வது எங்கும் காணப்படும் வழக்கம். விரல்கள் ஏற்கெனவே உள்நோக்கி மடங்கி இறுகத் தொடங்கியிருந்தால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. விரல்களை விரிப்பதுதான் அப்போதைய தேவை.

மலைக் குளிரில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. மரத்துப்போன காலுக்குச் சூடு காட்டினால் உணர்வு வரும் என்று வெந்நீர்ப் பையோ, துணியில் சுற்றிய சுடுகல்லோ வைப்பார்கள். உணர்ச்சி குறைந்த தோலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகே வீட்டார் அறிவார்கள். கம்பளியும் காலுறையும் போதும். எண்ணெய் தேய்ப்பதில் மெதுவாக நீவிவிடுவதோடு நிறுத்திக்கொண்டால் கெடுதல் இல்லை. நரம்பை இழுத்துவிடுகிறேன் என்று வலிக்க வலிக்க முறுக்குபவர்களைத் தவிருங்கள்.

ஆள் பிடித்து நடக்கும் நிலைக்கு அம்மா வந்திருப்பதால், உயரமான நாற்காலியிலிருந்து இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி எழுந்து மீண்டும் உட்காரும் பயிற்சி அவருக்குப் பொருந்தும் என்றே எண்ணுகிறேன். அப்படி எழும்போது எடை முழுவதும் இடது காலுக்கே போய்விடாமல் வலது காலும் பங்கெடுக்கிறதா என்று எதிரே நின்று பாருங்கள். நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும். வலப்பக்கம் ஒருவர் நிற்க வேண்டும். எத்தனை முறை என்பதை அவரை நேரில் பார்க்கும் இயன்முறை மருத்துவர் முடிவு செய்வார். உங்கள் ஊர் வீடுகளில் உயர்ந்த வாசற்படியும் வீட்டுக்கு வெளியே சரிவான பாதையும் இருக்கும் என்பதால், சமதரையில் தனியாக நடக்க வரும் வரை வெளியே அழைத்துப் போக அவசரப்பட வேண்டாம். பாதம் தொங்கித் தரையில் உரசினால், அதைத் தாங்கிப் பிடிக்கும் கால் தாங்கி தேவையா என்று கேளுங்கள். அது தேவைப்பட்டு, குறைபாடும் நிலைத்துவிடும் என்று மருத்துவர் கருதினால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக உபகரணங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அது இப்போதைய வேலை அல்ல.

இனி தம்பியின் ஈ.எஸ்.ஐ. பற்றி. உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தேடும் காப்பீடு உண்மையில் அதுதான். ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் கீழ் வரும் மருத்துவப் பயன், முதலமைச்சர் காப்பீட்டைப் போல் உள்நோயாளிச் சிகிச்சையோடு நின்றுவிடுவதில்லை; வெளிநோயாளிச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, பரிந்துரைக்கப்பட்ட இயன்முறை சிகிச்சை எல்லாம் அதில் அடங்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அது பொருந்தும். சம்பளத்தில் பிடிக்கப்படுவது 0.75 விழுக்காடு. அதில் குடும்பம் என்பது தொழிலாளியைச் சார்ந்து வாழும் பெற்றோரையும் உள்ளடக்கியது. பெற்றோரின் சொந்த வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஆகவே அம்மா தம்பியைச் சார்ந்தவர் என்று குடும்ப விவரத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதே கேள்வி. வேலையில் சேரும்போது திருமணமாகாத இளைஞர்கள் பலர் அந்தப் படிவத்தில் தந்தை பெயரை மட்டும் எழுதிவிட்டு விடுவார்கள். தம்பி ஆலையின் பணியாளர் பிரிவில் தன் காப்பீட்டு எண்ணைக் காட்டிக் குடும்ப விவரத்தைப் பார்த்து, அம்மாவின் பெயர் இல்லையென்றால் ஆதார் நகலோடு சேர்க்கச் சொல்ல வேண்டும்.

பெயர் சேர்ந்த பிறகு, தம்பிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள மருத்துவர் பார்த்து, சேலத்தில் உள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பார். அந்தச் சீட்டில் இயன்முறை சிகிச்சை என்ற சொல் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்து வாங்குங்கள். பரிந்துரை இல்லாமல் நேராகத் தனியார் மையத்துக்குப் போய்ச் செலவழித்துவிட்டுப் பிறகு பணத்தைத் திரும்பக் கேட்பது எளிதில் நடவாது. தம்பி வேலையை விட்டாலோ ஆலை சந்தா கட்டத் தவறினாலோ இந்தப் பயன் பாதிக்கப்படும். ஆகையால் பதிவு வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் தனியாரிடமும் கொஞ்சம் செலவிட முடியும் என்றால், அதை நாள்தோறும் போய் மின் கருவி வைத்துக்கொள்வதற்குச் செலவிடாதீர்கள். கரண்ட் வைப்பது என்று மக்கள் சொல்லும் அந்தச் சிகிச்சைக்குச் சில வலிகளில் இடம் உண்டு; பக்கவாத நோயாளியைப் படுக்க வைத்து, கருவியை மாட்டிவிட்டு, நேரம் முடிந்ததும் கழற்றி அனுப்புவது சிகிச்சை ஆகாது. முதல் நாளில் உட்கார வைத்து, எழச் செய்து, நடக்கச் செய்து பார்த்தவரிடம் போங்கள். அவர் இயன்முறை மருத்துவத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை. குறுகிய காலச் சான்றிதழ் ஒன்றை வைத்துக்கொண்டு பெயர்ப்பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். இயன்முறை மருத்துவத்தையும் ஒழுங்குபடுத்த 2021 ஆம் ஆண்டு நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது; பட்டம் பெற்றவர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். மாதம் ஒருமுறை வந்து பார்த்து வீட்டுப் பயிற்சியை மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாமல் முப்பது நாள் கட்டணத்தை முன்பணமாகக் கேட்பவரை விட்டுவிடுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் பயனற்றது என்று எண்ணி எங்காவது போட்டுவிட வேண்டாம். குடும்ப அட்டையில் உள்ள பெயர்களும் அதில் உள்ள பெயர்களும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருப்பதால், முன்பு கிடைக்காத உறவினர்களும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் விண்ணப்பிக்கலாம். திட்டத்தில் அடங்கும் சிகிச்சைக்கு ஏதேனும் மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டால் புகார் செய்ய வேண்டிய கட்டணமில்லா எண் 1800 425 3993.

இரத்த அழுத்த மாத்திரையை ஒரு வேளையும் விடாதீர்கள். உடல் தேறிவிட்டது என்று தாமே நிறுத்திக்கொண்ட பலர் இரண்டாவது முறை பக்கவாதத்தோடு வருகிறார்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு திடீரென மாறினாலோ, இதுவரை நன்றாக இருந்த இடது கை தளர்ந்தாலோ, அன்று பயிற்சி, பரிந்துரைச் சீட்டு எதையும் யோசிக்காமல் உடனே 108 ஐ அழையுங்கள். மலையிலிருந்து இறங்க ஆகும் நேரமும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருப்பதால், சற்றுப் பார்ப்போம் என்று காத்திருக்க உங்களுக்கு இடமில்லை.